முட்டை சேர்க்காத கண்ணன்

கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்கக்கா. இந்த பெஞ்சுக்கு ஒரு கால் ஆட்டம். ஓரத்தில் உட்கார்ந்தால் ஆளைக் கவிழ்த்துவிடும். எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்களா? தினமும் காலையில் இதில்தான் உட்காருகிறேன். இந்த ஸ்டேஷனில் எந்த ஃபேன் ஓடும், எது சும்மா தொங்கும், ரைட்டர் சார் எப்போது டிபனுக்குப் போவார், எல்லாம் எனக்கு மனப்பாடம். கையெழுத்துப் போட வருகிறேன். கண்டிஷன். முன்ஜாமீன் கொடுக்கும்போது ஜட்ஜ் போட்ட கண்டிஷன். மறு உத்தரவு வரும்வரை வந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படிப் பார்க்காதீங்க. நான் திருடவில்லை. யார் மண்டையையும் உடைக்கவில்லை. கேக் செய்தேன்.

ஆமாம். கேக்.

நீங்கள் எதற்கு வந்தீர்கள், ஸ்கூட்டி காணோமா? மார்க்கெட் வாசலில் விட்டீர்களா? சரிதான். ரைட்டர் சார் இப்போதைக்கு உங்களைக் கூப்பிட மாட்டார். அதுவரை பாப்பாவைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்கிறீர்களா? லியா, ஆன்ட்டிகிட்ட போ. பாருங்க, உங்களிடம் அழவே இல்லை. நல்ல மனுஷி யார் என்று குழந்தைக்குத் தெரிந்துவிடும். என் கை வலிக்கிறது. ராத்திரி முழுக்க இவளைத் தூக்கி வைத்துக்கொண்டே இருக்கிறேன், கீழே விடப் பயமாக இருக்கிறது. ஏன் பயம் என்று சொல்கிறேன்.

என் பேர் ஜோவிட்டா. குறிஞ்சி அப்பார்ட்மென்டில் மூன்றாவது மாடி. கான்வென்டில் படித்தவள். தையல் போடுவேன், பியானோ கொஞ்சம் வாசிப்பேன், கிரீமில் ரோஜாப்பூ பிழிவேன். எல்லாம் சிஸ்டர்கள் சொல்லிக் கொடுத்தது. போலீஸ்காரன் கேள்வி கேட்டால் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று மட்டும் எந்த சிஸ்டரும் சொல்லித் தரவில்லை. உண்மையைச் சொல் என்றார்கள். உண்மையைச் சொன்னேன். அதைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இவள் பிறந்த பிறகு வேலையை விட்டேன். வீட்டிலேயே கேக் ஆர்டர் எடுத்தேன். எங்கள் அப்பார்ட்மென்டில் என் கேக் வெட்டாத பிறந்தநாள் கிடையாது. இரண்டாவது மாடியில் தாரணி என்று ஒருத்தி. என் வயதுதான். அவள் பையன் மிதுனுக்கு முதல் பிறந்தநாள். நாங்கள் இரண்டு பேரும் மொட்டை மாடியில் ஒரே கொடியில் பிள்ளைத் துணி காயப்போட்டவர்கள். அவ்வளவு பழக்கம். அவள்தான் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஜோ, கிருஷ்ணர் வேணும். சம்மணம் போட்டு உக்காந்து வெண்ணெய் திங்குற குட்டிக் கிருஷ்ணர். மிதுனுக்கும் அதே வேஷம் போடப் போறோம். போட்டோவுல ரெண்டு கண்ணன் இருக்கணும்."

"பானையை கேக்கா செஞ்சுட்டு, மேல ஒரு பொம்மை வெச்சுத் தரவா?"

"பொம்மையா? பொம்மை நான் கடையில வாங்கிக்க மாட்டேனா? முழுசும் கேக்கா இருக்கணும். எல்லாருக்கும் ஒரு துண்டு போகணும்." போகும்போது வாசலில் திரும்பி நின்றாள். "ஜோ, ஒண்ணே ஒண்ணு. முட்டை போட்டுராத. சாமி பாரு."

கேட்டீர்களா? முட்டை சேர்க்கக் கூடாது. சாமியைச் சேர்க்கலாம். இதை நான் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவமானப்படுத்த நினைக்கிறவள் எதற்கு சார் முட்டை போடாமல் செய்ய வேண்டும்? முட்டை போட்டால் எனக்கு வேலை எவ்வளவு சுலபம் தெரியுமா? தயிரும் கன்டென்ஸ்டு மில்க்கும் ஊற்றி, உட்கார்ந்துவிடாமல் எடுக்க எத்தனை பாடு? அவர் எழுதிக்கொண்டே தலையாட்டினார். என்ன எழுதினார் தெரியுமா? 'எதிரி தனக்கு இந்து சமய வழக்கங்கள் நன்கு தெரியும் என்று ஒப்புக்கொண்டார்.' எதிரி என்றால் நான். தெரிந்தே செய்தாளாம்.

ரெட் வெல்வெட் வேண்டும் என்றது தாரணி புருஷன் பிரபு. இப்போது எல்லாரும் அதைத்தானே கேட்கிறார்கள். உள்ளே சிவப்பாக இருக்கும். வெளியே நான் நீலத்தில் ஃபாண்டன்ட் போர்த்தினேன். நம்ம சப்பாத்தி மாவு மாதிரி சர்க்கரை மாவு, அதைத் தேய்த்துப் போர்த்த வேண்டும். மயிலிறகை நரம்பு நரம்பாக வரைந்தேன். கண் வரைவதற்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டேன். நல்லபடியாக வர வேண்டும் என்று. அதையும் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன், எவ்வளவு பயபக்தியாகச் செய்தேன் என்று காட்ட. "கிருஷ்ணருக்கு முன்னாடி சிலுவை போட்டியா?" என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

வெட்டும்போது எப்படி இருக்கும் என்று நீ யோசிக்கவில்லையா என்று எல்லாரும் கேட்கிறார்கள். யோசிக்கவில்லைக்கா. சத்தியமாக யோசிக்கவில்லை. ஏன் என்று சொல்லவா? எங்களுக்கு சாமியை வாயில் வாங்குவதுதான் பெரிய பாக்கியம். சர்ச்சில் முதல்முதலாக அப்பம் வாங்குகிற புதுநன்மை அன்று வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு நாக்கை நீட்டினேன். இரண்டாம் வகுப்பிலிருந்து சிஸ்டர் ப்ளாசிடா அதற்குத் தயார் செய்தார்கள். அந்த அப்பம் அப்பம் இல்லை, ஆண்டவர். அப்படியே உள்ளே போகிறார். சாமி ஒரு பிள்ளையின் வயிற்றுக்குள் போவதில் என்ன தப்பு? மிதுன் கண்ணனைத் தின்பான், கண்ணன் மாதிரி வளர்வான். அழகாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன்.

பார்ட்டிக்கு நான் போகவில்லை. இவளுக்குத் தடுப்பூசி போட்டு உடம்பு அனலாக இருந்தது. பிரபுதான் மிதுனின் கையைப் பிடித்துக் கத்தியை வைத்தான். சம்மணம் போட்டு உட்கார்ந்த பொம்மையில் கத்தி வைக்க வேறு எங்கே இடம் இருக்கிறது, கழுத்தில்தான் வைத்தான். கத்தி இறங்கியது. உள்ளே சிவப்பு. எல்லாரும் கை தட்டினார்கள். தரைத்தளத்தில் தனபால் அங்கிள் என்று ஒருவர், பெயின்ட் கடை வைத்திருக்கிறார். "அந்த வெண்ணெய்க் கையை எனக்குக் குடும்மா" என்று கேட்டு வாங்கி, விரலை நக்கித் தின்கிறார். வீடியோவில் இருக்கிறது. தாரணி எனக்கு அனுப்பினாள். 'சூப்பர் ஜோ, எல்லாரும் உன்னைத்தான் கேட்டாங்க' என்று. நான் பதிலுக்கு போனில் ஒரு சிரிச்ச பொம்மை போட்டேன். கண்ணில் தண்ணி வர சிரிக்குமே, அந்த மஞ்சள் பொம்மை. அவ்வளவுதான்.

மறுநாள் அந்த வீடியோ தனபால் அங்கிள் இருக்கிற ஏதோ ஒரு குரூப்புக்குப் போயிருக்கிறது. அங்கே எவனோ கேட்டிருக்கிறான், கண்ணன் கழுத்தை அறுக்கிற மாதிரி கேக் செய்தது எந்த பேக்கரி என்று. இவர் என் பேரைச் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் ருசியாக இருந்ததுக்கா. ஜோவிட்டா என்ற பேரைச் சொன்னதும்தான் அவருக்கே கசந்தது. அன்று சாயங்காலம் இங்கே வந்து மனு கொடுத்தார். என் மனம் புண்பட்டது என்று. புண்பட்ட வாயில் என் கிரீம் இன்னும் காய்ந்திருக்காது.

இருநூத்தித் தொண்ணூத்தொன்பது. அதுதான் பிரிவு. 'வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு' மத உணர்வைப் புண்படுத்துவது. மூன்று வருஷம் வரை உள்ளே வைக்கலாம். பாப்பாவுக்குப் பாலாடையில் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தவளை விசாரணை என்று கூட்டிக்கொண்டு வந்தார்கள். இதே பெஞ்ச். இவளை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். பால் கட்டி, நைட்டி நனைந்து, துப்பட்டாவை மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்ஸ்பெக்டர் போனைக் காட்டிக் கேட்கிறார்.

"ஏன் உள்ள சிவப்பு?"

"ரெட் வெல்வெட் சார்."

"அதான் ஏன்?"

"அவங்க கேட்டாங்க சார்."

"சரி. வெட்டுற வீடியோவைப் பாத்துட்டு நீ ஏன் சிரிச்ச?"

அதற்கு என்ன பதில் சொல்வது? சொல்லுங்க. சிரித்தது ஒரு குற்றமா? ஒருத்தி ஏன் சிரித்தாள் என்று அவள் வயிற்றுக்குள் போய்ப் பார்த்தார்களா? நல்லா வந்திருக்கிறது என்ற சந்தோஷத்தில் சிரித்தேன். கெட்ட எண்ணத்துக்கு அதுதான் ஆதாரமாம். மஞ்சள் பொம்மை. அதைப் பெரிதாக்கி, ஒரு முழுத்தாளில் பிரின்ட் எடுத்து, கேஸ் கட்டில் வைத்திருக்கிறார்கள்.

ரைட்டர் சார் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "கவலப்படாதம்மா. உள்ள போனாலும் கைக்குழந்தையைக் கூட வெச்சுக்கலாம். ஆறு வயசு வரைக்கும் சட்டம் இடம் கொடுக்குது" என்றார். ஆறுதல் சொல்கிறாராம். அன்றிலிருந்துதான் இவளைக் கீழே விடப் பயம். தூங்கினால் ஜெயிலில் தவழ்கிறாள். முழித்தால் என் பக்கத்தில் தவழ்கிறாள். எது எது என்று சமயத்தில் தெரியவில்லை.

அந்த கேக்கில் மிச்சம் கொஞ்சம் தாரணி வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்தது. இடது கால், கொலுசோடு. சாட்சிப் பொருள் என்று எடுத்து வந்துவிட்டார்கள். இங்கே வைத்தால் எறும்பு. எதிரே டீக்கடை தெரிகிறதா, அதன் ஃப்ரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குக் கீழே இப்போது இருக்கிறது. டீ மாஸ்டரிடம் கேளுங்கள், காட்டுவார். அதில் சுண்டு விரலைக் காணோம். எறும்பு மேலே வழக்குப் போட்டீர்களா, டீ மாஸ்டர் மேலே போட்டீர்களா என்று கேட்க வேண்டும் போல இருக்கிறது. கேட்டால் அதையும் எழுதிக்கொள்வார்கள்.

என் வீட்டுக்காரர் செல்வின் ஒரு பயந்த பிராணி. மன்னிப்புக் கேட்டு வீடியோ போட்டால் முடிந்துவிடும் என்றார். போட்டேன். கை கூப்பிக்கொண்டு, அடுப்படியில் நின்று, அப்பார்ட்மென்ட் செக்ரட்டரி எழுதிக்கொடுத்ததை வாசித்தேன். முடியவில்லை. மன்னிப்புக் கேட்டாளே, அப்போது தப்பு செய்ததாகத்தானே அர்த்தம் என்று அதையும் கேஸ் கட்டில் சேர்த்துவிட்டார்கள். எனக்கு ஆர்டர் கொடுத்த வீடெல்லாம் லிஃப்டில் என்னைப் பார்த்தால் போனைப் பார்க்கிறது.

எங்கள் வக்கீல் சோமசேகர் சார் நல்ல மனுஷன். அவர் முதலில் கேட்டது, "ஏம்மா, அது சாமியா, இல்ல சாமி வேஷம் போட்ட புள்ளையா? புள்ளைன்னு சொல்லிட்டா நமக்கு நல்லது." நான், "கேக் சார்" என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

சரி, இவ்வளவும் தாங்கிக்கொண்டேன். தனபால் அங்கிள் யாரோ. போலீஸ்காரன் யாரோ. தாரணி யார்? ஒரே கொடியில் துணி போட்டவள். அவள் போலீசில் என்ன சொன்னாள் தெரியுமா? "நாங்க பானையும் வெண்ணெயும்தான் கேட்டோம். கிருஷ்ணரை அவங்களாத்தான் சேர்த்தாங்க." நானாகத்தான் சேர்த்தேனாம். நான் ராத்திரி உட்கார்ந்து, ஆசைப்பட்டு, யாரும் கேட்காமல் ஒரு கண்ணனைச் செய்து அனுப்பினேனாம்.

பிறகு என் வீட்டு வாசலில் வந்து அழுதாள். "கத்தியைப் பிடிச்சது அவர்தான ஜோ. அவரை உள்ள தள்ளிருவாங்கன்னு பயமா இருந்துச்சு. எனக்கும் கைப்புள்ள இருக்குல்ல." உனக்கு மட்டும்தான் கைப்புள்ளையா? நான் வளர்ப்பது என்ன நாய்க்குட்டியா? கதவைச் சாத்திவிட்டேன்.

அவள் வக்கீலையும் போய்ப் பார்த்திருக்கிறாள். கோர்ட்டில் கூண்டில் ஏற்றினால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான்தான் கிருஷ்ணரைக் கேட்டேன், போட்டோ அனுப்பியதுகூட போனில் இருக்கிறது என்றாளாம். சோமசேகர் சார் ஒரே சந்தோஷம். "ஜோவிட்டா, அந்தப் பொண்ணு ஒருத்திதான் உன்னைக் காப்பாத்த முடியும். அவளைச் சீண்டாத. எங்கயாவது பாத்தா சிரி" என்றார். சிரிக்க வேண்டுமாம். சிரித்துத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

நானும் சரி என்றுதான் இருந்தேன். போன வாரம் எங்கள் அப்பார்ட்மென்ட் பெண்கள் குரூப்பில் ஒரு வாய்ஸ் வந்தது. யாரோ தாரணியிடம் கேட்டிருக்கிறார்கள், ஜோ எதற்காக அப்படிச் செய்தாள் என்று. இவள் பேசி அனுப்பியிருக்கிறாள். அப்படியே சொல்கிறேன் கேளுங்க. "அவங்க சர்ச்ல ஞாயித்துக்கிழமையானா சாமியைத்தான் திங்கக் கொடுப்பாங்களாம். அந்தப் பழக்க தோஷத்துல நம்ம சாமியையும் தட்டுல வெச்சுட்டா, விடுங்க." கடைசியில் ஒரு சிரிப்பு வேறு.

என்னக்கா? இருமலா? தண்ணி குடிக்கிறீர்களா? சரி.

எது எதோடு சேர்த்துப் பேசுவது? நாங்கள் தின்பதில்லை. உட்கொள்கிறோம். பல்லில் படவே கூடாது, நாக்கில் தானாகக் கரைய வேண்டும், மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டால்கூட விரல் போட்டு எடுக்கக் கூடாது என்று சிஸ்டர் ப்ளாசிடா பிரம்பை வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தார்கள். அதை இவள் பிறந்தநாள் தட்டோடு சேர்க்கிறாள். எவனாவது எங்கள் நற்கருணை அப்பத்தைக் கத்தியால் அறுத்து, பாட்டுப் போட்டு, ஸ்டேட்டஸ் வைக்கட்டும் பார்க்கலாம். நான் விடுவேனா? இந்த ஸ்டேஷன் வாசலிலேயே படுத்துவிடுவேன். உள்ளே தள்ளாமல் எழுந்திருக்க மாட்டேன்.

இல்லையில்லை, நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று தெரிகிறது. அது வேறக்கா. இது கேக். அது ஆண்டவர். இரண்டும் ஒன்றா?

அதனால்தான் இன்றைக்கு மனு கொண்டுவந்திருக்கிறேன். பையில் இருக்கிறது. தாரணி மேலே. வக்கீலுக்குத் தெரியாது. போனவாரம் லேசாகக் கேட்டுப் பார்த்தேன். "வாயால சொன்னதுக்குச் சின்னப் பிரிவு ஒண்ணு இருக்கு, ஒரு வருஷம்தான். ஆனா வேண்டாம்மா, நம்ம சாட்சியை நாமே கெடுத்துக்கறதா?" என்றார். சின்னப் பிரிவு எதற்கு? எனக்குப் போட்ட அதே இருநூத்தித் தொண்ணூத்தொன்பது அவளுக்கும் வேண்டும். தினமும் அவளும் இந்த பெஞ்சில் வந்து உட்காரட்டும். மிதுனை மடியில் வைத்துக்கொண்டு. ஆறு வயது வரைக்கும் கூட வைத்துக்கொள்ளலாம் என்று ரைட்டர் சார் அவளுக்கும் ஆறுதல் சொல்லட்டும்.

மனு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தனபால் அங்கிள் கொடுத்த மனு எஃப்.ஐ.ஆரோடு வந்ததில்லையா, அதையே பார்த்து எழுதிவிட்டேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார் மனுஷன். 'வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு, சிரித்துக்கொண்டே எங்கள் தெய்வத்தை இழிவுபடுத்தி, என் மனதையும் என் சமூகத்தார் மனதையும் ஆறாத வகையில் புண்படுத்திவிட்டார்.' பேரை மட்டும் மாற்றினேன். ஒரே ஒரு வித்தியாசம், அவர் எழுதியது பொய். எனக்கு உண்மையிலேயே புண்பட்டிருக்கிறது. ராத்திரியெல்லாம் இங்கே நெஞ்சுக்குள் எரிகிறது. அவருக்கு என்ன எரிந்தது, அஜீரணத்தைத் தவிர?

உங்களை சாட்சியாகப் போட்டுக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். நான் அந்த வார்த்தையைச் சொன்னதும் உங்கள் மனசும் எப்படிப் பதறியது என்று நீங்கள் சொன்னால், ஒரு பொது ஆள் சொன்ன மாதிரி இருக்கும்.

ஆனால் நீங்கள் இருமவில்லை, அல்லவா?

நான் அவள் சொன்னதைச் சொன்னேன். நீங்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டீர்கள். தண்ணி வேண்டுமா என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டினீர்கள். தோள் இரண்டும் குலுங்கியது. லியாவும் உங்கள் மடியில் குலுங்கினாள், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண்ணில் தண்ணி வேறு. அந்த மஞ்சள் பொம்மை மாதிரி.

எதற்குச் சிரித்தீர்கள்? இல்லை, சொல்லுங்க. தாரணியாவது பயந்தவள், தன் புருஷனுக்காகப் பேசினாள். நீங்கள் யார்? உங்களுக்கு நான் என்ன செய்தேன்? ஸ்கூட்டியைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள், பாவம் என்று நினைத்து என் பிள்ளையை உங்கள் மடியில் கொடுத்தேன். எங்கள் ஆண்டவரைச் சொல்லும்போது உங்களுக்குச் சிரிப்பு வருகிறது.

சும்மா வந்ததா? சும்மா யாருக்காவது சிரிப்பு வருமா? மனதில் ஏதோ இருந்தால்தான் வரும்.

பாப்பாவைக் கொடுங்க. கொடுங்க, அவள் அழுதால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஸ்கூட்டி மனு எழுதினீர்களே, அந்தப் பேனாவையும் கொடுங்க. மனுவில் கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது. எழுந்திருக்காதீங்க, எங்கே போகிறீர்கள்? உங்கள் ஸ்கூட்டி மனு உள்ளே ரைட்டர் சாரிடம்தான் இருக்கிறது. அதில் பேர், கதவு நம்பர், தெரு எல்லாம் இருக்கும். நான் கேட்டால் காட்டுவார். தினமும் வருகிறவள் இல்லையா, என் மேலே அவருக்கு ஒரு இது உண்டு.

நீங்களே சொல்லிவிட்டால் மரியாதை. உட்காருங்கக்கா. அந்த ஓரத்தில் வேண்டாம், கவிழ்த்துவிடும். இங்கே உட்காருங்க.

உங்கள் முழுப் பேர் என்ன?